ஆறுக்கு நாலு

மாரியப்பனுக்குப் பாம்பென்றால் பயமில்லை. திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் முப்பது வருடமாக நிலக்கடலை மூட்டை எடை போடுகிறவன், சாக்குக்கு அடியில் எத்தனையோ பாம்பைப் பார்த்துவிட்டான். பாம்புக்கு ஒரு நியாயம் உண்டு, மிதித்தால்தான் கடிக்கும். அவன் பயந்ததெல்லாம் முத்திரை குத்திய காகிதத்துக்குத்தான். அது மிதிக்காதவனையும் கடிக்கும். எங்கே கடித்தது என்று கேட்டுக்கொண்டு விழுப்புரம் வரை போய் வரவேண்டும்.

அப்படிப்பட்டவன் தானாகவே ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தான் என்றால் அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டியின் குரல்.

இசைவாணிக்கு மூன்று வயதில் போலியோ. இரண்டு கால்களும் உடம்போடு வந்தன, வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குள் அவளுக்கு ஒரு பேரிங் பலகை. ஒரு முழ அகலம், அடியில் நான்கு பேரிங். கையால் தரையைத் தள்ளினால் கடகடவென்று ஓடும். வெளியே போக சைடு வீல் வைத்த ஸ்கூட்டி. வாசலில் இருந்த மூன்று படிகளை மாரியப்பன் இடித்துவிட்டுச் சிமென்ட்டில் சரிவு போட்டிருந்தான். கழிப்பறைக் கதவை அகலப்படுத்தியிருந்தான். அடுப்பு மேடையை ஒன்றரை அடிக்கு இறக்கியிருந்தான். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாக அவள் உயரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அடுப்படியில் குனிய வேண்டியவன் அவன்தான்.

திண்டிவனத்தில் ஓடும் விளம்பர ஆட்டோக்களில் பாதிக்கு இசைவாணிதான் குரல். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்வகுமார் என்கிற ஆட்டோக்காரன் ஒரு சின்ன அறையின் சுவரெல்லாம் பழைய மெத்தையை அடித்து அதை ஸ்டூடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். காலை ஒன்பதுக்கு அவள் ஸ்கூட்டியில் போவாள். ஆடித் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், நாளை குடிநீர் வராது, நேற்றுக் காணாமல் போன சினையாடு என எல்லாவற்றையும் ஒரே வாஞ்சையோடு படித்துக் கொடுத்துவிட்டு மதியம் திரும்புவாள். அதற்குப் பிறகு அந்தக் குரல் அவள் இல்லாமலே ஊரைச் சுற்றும்.

ஒரு ஆடி மாதக் காலையில் அது மண்டி வாசலுக்கு வந்தது.

"அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் வசிக்கிறாரா? கவலை வேண்டாம்! உங்கள் வீட்டு வரியைக் குறைக்க, அலுவலகம் உங்கள் வாசலுக்கே வருகிறது!"

மாரியப்பன் மூட்டையைத் தராசிலேயே விட்டுவிட்டு நின்று கேட்டான். இருபது வருடத்தில் அந்தக் குரல் அவனிடம் ஒரு பொய் சொன்னதில்லை.

சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும் இசைவாணி சிரித்தாள். "அது நான் சொன்னது இல்லய்யா, படிச்சது. அம்பது சதவீதம் தள்ளுபடின்னு கூடத்தான் படிக்கிறேன். எனக்கு ஒரு பொடவை வாங்கியாந்தியா?"

"உன் கொரல்ல கேட்டா நம்பாம இருக்க முடியல வாணி."

"பேஜாரு புடிச்ச வேலை. வேணாம், உட்டுடு."

அவன் விடவில்லை. மறுநாளே போய்ப் படிவம் வாங்கினான். அதில் கதவு எண் எழுத இடம் இருந்தது, சுவரின் கனம் எழுத இடம் இருந்தது. 'இயலாமையுடன் வசிப்போர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் ஒன்று என்று எழுதினான். பெயர் எழுதத்தான் இடம் இல்லை. கவுன்டரில் கேட்டதற்கு, "பேரு எதுக்குய்யா? வரி வீட்டுக்கா, ஆளுக்கா?" என்று முத்திரையைக் குத்தினார்கள். அந்தச் சத்தத்தில் மாரியப்பனின் தோள் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

இருபதாம் நாள் பிரான்சிஸ் வந்தார்.

'இயலாமை உறைவிட வரிச்சலுகை மெய்ப்பிப்பு அலுவலகம், விழுப்புரம்' என்று அவர் கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தி, செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்து, டம்ளரை அவரே கழுவிக் கவிழ்த்தார். அதட்டுகிற அதிகாரியை நினைத்து மாரியப்பன் இருபது நாளாகப் பயந்து வைத்திருந்தான். டம்ளரைக் கழுவியதைப் பார்த்ததும் அந்தப் பயம் போதாது என்று தெரிந்தது.

"சலுகை வீட்டுக்குக் கெடயாதுங்க, இயலாமைக்குத்தான்," என்றார் பிரான்சிஸ், டேப்பை இழுத்துக்கொண்டே. "இந்த வீட்டுல இயலாமை எவ்ளோ எடத்துல வசிக்குதோ, அவ்ளோ எடத்துக்குக் கொறைப்போம். அதைத்தான் அளந்துக்கினு போக வந்தேன். அம்மா அடுப்படிக்குப் போவாங்களா?"

"ஓ, போவாங்க சார்! சோறு கொழம்பு எல்லாம் அவங்கதான்," என்றான் மாரியப்பன், பெருமையாக.

பிரான்சிஸ் வருத்தத்தோடு எழுதினார். "அப்ப அடுப்படியில இயலாமை இல்ல. கழிச்சிடுறேன். கழிப்பறை?"

"கதவை அகலமா வெச்சுக் குடுத்திருக்கேன் சார், அவங்களே..."

"கழிச்சிடுறேன். படுக்கிற ரூம்பு?"

"கட்டில் காலை அறுத்து எறக்கிட்டேன் சார், ஏறி எறங்க..."

"ஏங்க," என்றாள் இசைவாணி பலகையிலிருந்து. "கொஞ்சம் வாய மூடுங்க."

அதற்குள் வீட்டில் கூடம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. பிரான்சிஸ் வாசலுக்குப் போய்ச் சரிவைப் பார்த்தார். குனிந்து தடவிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு என்று பாராட்டினார். யார் போட்டது என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"இதுல மூணு குத்தம் இருக்குதுங்க. அனுமதி இல்லாம கட்டடத்தை நீட்டியிருக்கீங்க. நீட்டினதுக்கு வரி கட்டாம இருந்திருக்கீங்க. அது ரெண்டும் சின்னது." அவர் குரல் இன்னும் தணிந்தது. "இயலாமையக் கொறைச்சிருக்கீங்க. அது அரசாங்கம் சர்டிபிகேட் குடுத்த இயலாமை. தனியார் ஒருத்தர் சிமென்ட்டைப் போட்டுக் கொறைக்கலாங்களா?"

"சரிவு இல்லேன்னா நான் எப்படி வெளிய போறது?" என்றாள் இசைவாணி.

பேனா நின்றது. "வெளிய போவீங்களா?"

சுவரில் பல்லி நகர்வது மாரியப்பனுக்குக் கேட்டது.

"நீங்க சொல்லாத மாதிரி, நான் கேக்காத மாதிரி வெச்சுக்குறேன்," என்றார் பிரான்சிஸ். "பாருங்கம்மா, வசிப்பவர்னா வீட்டுல இருக்கிறவர். நான் வர்றப்ப வீட்டுல இல்லேன்னா, நீங்க இங்க வசிக்கலை. வீட்டுல இருந்துக்கினு அங்க இங்க போய் வந்தீங்கன்னா, இயலாமை வசிக்கலை. ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்குது. அங்க இருந்தா போதும்."

அந்தக் கொஞ்சம் இடத்தை அவர் டேப் வைத்தே கண்டுபிடித்தார். கூடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டி, டிவிக்குக் கீழே, ஆறடிக்கு நாலடி. பையிலிருந்து சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து, நாக்கைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு, மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டார். துளி சிந்தவில்லை.

"சார், மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்," என்றான் மாரியப்பன்.

பிரான்சிஸின் கண் கலங்கியது. "தாராளமா வாங்கிக்கலாம். வாங்கிக்கினா, குடுத்தது பொய்னு ஆயிடும். பொய் மனுன்னா வீட்டுக்கு சீல் வெக்கணும். உங்க வீட்டுல தண்ணி குடிச்சிருக்கேன். எனக்கே மனசு கேக்காது."

போகும்போது கதவின் நிலையில் ஒரு தகரப் பலகையை அடித்தார்: 'மெய்ப்பிப்பில் உள்ள வீடு.'

"மறுபடி எப்ப சார் வருவீங்க?"

"அதைச் சொல்லிட்டு வந்தா ஆய்வு இல்லீங்க, விருந்து."

அன்று முதல் மாரியப்பனுக்குக் காது மட்டும் தனியாக வளர்ந்தது. மண்டியில் எடைக்கல் வைக்கும்போது தெருக்கோடியில் போகும் மோட்டார் சைக்கிள் கேட்டது. பிரான்சிஸின் வண்டிக்கு ஒரு இருமல் உண்டு. அந்த இருமல் தண்ணீர் மோட்டாரில் கேட்டது, மிக்சியில் கேட்டது, அவன் தூக்கத்தில் அவன் தொண்டையிலேயே கேட்டது. ஒரு நாளைக்கு நாலு முறை வேலையை விட்டு வீட்டுக்கு ஓடி வந்தான்.

"கோட்டுக்குள்ள இரு வாணி."

"ஆறுக்கு நாலு," என்றாள் அவள். "குழி வெட்டுறவனும் இதே அளவுதான்யா எடுப்பான்."

மூன்றாம் நாள் அவள் அடுப்படியில் இருந்தபோது பிரான்சிஸ் வந்துவிட்டார். அதட்டவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி கோட்டுக்கு வெளியே நோட்டோடு நின்றார். அவள் குழம்பைத் தாளித்து இறக்கிவிட்டுப் பலகையில் வந்து கோட்டைத் தாண்டி உள்ளே நிற்கும்வரை காத்திருந்து, 'ஒரு முறை' என்று எழுதினார். "மூணு முறை ஆச்சுன்னா சீலுங்க. வாசனை நல்லா இருக்குது," என்றார்.

அன்று மாலை மாரியப்பன் ஆணியில் தொங்கிய ஸ்கூட்டிச் சாவியை எடுத்து மண்டியில் எடைக்கல் பெட்டிக்குள் போட்டான். பேரிங் பலகையைத் தூக்கிப் பரணில் வைத்தான். வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். இசைவாணி வெறும் ஆணியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளைக்கு?"

"சலுகை வர்ற வரைக்கும்."

"எவ்ளோ சலுகை?"

அது அவனுக்குத் தெரியாது. ஆட்டோ சொல்லவில்லை, படிவம் சொல்லவில்லை, பிரான்சிஸ் சொல்லவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

அவள் கையை ஊன்றி நகர்ந்து கோட்டுக்குள் போய் உட்கார்ந்தாள். பதினொரு நாள் உட்கார்ந்தாள். சோற்றை அவன் பொங்கிக் கொண்டுவந்து வைத்தான், உப்புக் கரித்தது. தலைக்கு அவன் தண்ணீர் ஊற்றிவிட்டான். காலையில் ஒன்பது அடிக்கும்போது மட்டும் அவள் கை தானாக ஆணியைத் தேடி மேலே போகும்; பாதியில் நினைவு வந்து முடியைச் சரிசெய்துகொண்டு இறங்கும். செல்வகுமார் செல்போனை எடுத்துக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டான். இசைவாணி தலைமேல் போர்வையை மூடிக்கொண்டு உள்ளிருந்தே படித்துக் கொடுத்தாள்.

"இன்னாக்கா இது, திருடன் மாதிரி முக்காடு?" என்றான் செல்வகுமார்.

"வாய்க்குத் தனியா இன்னும் கோடு போடலடா. போடறதுக்குள்ள ஜல்தியா எடுத்துக்கினு போ."

பிரான்சிஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். உள்ளே பார்த்துவிட்டு மாரியப்பனைச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போய், உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பவர் போல, "நகர்ந்தாங்களா?" என்பார். முதல் நாள் மாரியப்பன் இல்லை என்றான். இரண்டாம் நாள், எப்படியும் அவருக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. "நேத்து மேற்கால ஓரம் டம்ளர் உருண்டுச்சு சார். எடுக்கறப்ப கை மட்டும் வெளிய வந்துச்சு," என்றான்.

"கை மட்டும்னா அரை," என்று எழுதிக்கொண்டார் பிரான்சிஸ்.

நிமிர்ந்தால், ஜன்னல் வழியாக இசைவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தை விடச் சீக்கிரம் எழுந்துகொள்ளும் சாதி. அது அதற்குள் அவரை வழியனுப்ப ஓடிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் தபாலில் நோட்டீஸ் வந்தது. 'மேற்படி நபர் ஒரே வேளையில் மூன்று ஊர்களில் நடமாடியது குறித்து' விழுப்புரத்தில் விசாரணை.

பாசஞ்சர் ரயிலில் போனார்கள். மாரியப்பன் அவளைத் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனான். மெய்ப்பிப்பு அலுவலகம் மூன்றாவது மாடியில். கீழே வாசலில் கிரானைட் போட்ட அருமையான சாய்தளம் ஒன்று லிஃப்ட் வரைக்கும் போனது, பளபளவென்று கைப்பிடி வைத்து. அதன் குறுக்கே சங்கிலியும் பூட்டும். பக்கத்தில் பலகை: 'மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று மட்டும் திறக்கப்படும்.'

"சாவி மேல இருக்குது," என்றார் காவலாளி. "அம்மா மாடிப்படி ஏறிப் போய் வாங்கியாந்தாங்கன்னா நான் தொறந்து உட்டுடுறேன். ஆனா ஏறிட்டாங்கன்னா, நீங்க தூக்கிக்கினு போனாலும், கேஸ் தோத்துடும். ஏறலேன்னா ஆஜர் ஆகலைன்னு எழுதிடுவாங்க. யோசனை பண்ணிச் சொல்லுங்க."

வேப்பமரத்தடியில் இன்னும் சிலர் காத்திருந்தார்கள். அதில் மண்டகப்பட்டு சின்னக்கண்ணு என்பவர், ஓரத்தில் மஞ்சள் கரை தைத்த ஒரு துணியைத் தரையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சரியாக ஆறுக்கு நாலு.

"வெளியூருக்குப் போற கோடுங்க இது," என்றார். "தனியா மனு போட்டு வாங்கினேன். மடிச்சு எடுத்துக்கினு வந்துடலாம். ஆறு வருசம் ஆச்சு, ஒருதபா கூட நான் கோட்டை வுட்டு எறங்கினதில்ல."

"சலுகை எவ்ளோங்க கெடைக்கும்?" என்றாள் இசைவாணி.

"அதைக் கேட்டு இன்னொரு மனு போட்டிருக்கேம்மா."

இசைவாணி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று போலியோ கால். இன்னொன்று நல்ல கால்தான். அதுவும் இப்போது முருங்கைக்காய் போல வற்றியிருந்தது.

மாரியப்பன் மட்டும் மேலே ஏறினான்.

மெய்ப்பிப்பு அலுவலர் அப்பாதுரை, வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலியில் இருந்தார். பிரான்சிஸ் பக்கத்தில் நின்று குறிப்பெடுத்தார். அப்பாதுரை வாசித்தார்: "பதினேழாம் தேதி, காலை பத்து பதினைந்து. திண்டிவனம் மார்க்கெட் தெருவில் மேற்படி நபர் பேசியதை எங்கள் ஊழியர் கேட்டிருக்கிறார். அதே பத்து பதினைந்துக்கு விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டில். அதே பத்து பதினைந்துக்குப் பெருமுக்கல் மலையடிவாரத்தில்." கண்ணாடியைக் கழற்றினார். "மாரியப்பன், எனக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு. கவர்மென்ட் ஜீப் வேற இருக்கு. என்னாலயே ஒரே டைம்ல மூணு ஊர்ல இருக்க முடியாது."

"சார், அது ரெகார்டிங் சார். ஆட்டோல போட்டுக்கினு போவாங்க. அவங்க வீட்டுலதான்..."

"குரல் யாருது?"

"அவங்களுதுதான் சார்."

"ஒப்புக்கொண்டார்னு எழுதுங்க பிரான்சிஸ்."

"அது உங்க ஆபீஸ் அறிவிப்புதான் சார். நீங்கதான் படிக்கச் சொல்லி..."

"படிக்கச் சொன்னோம். ஊர் ஊராப் போகச் சொன்னோமா?"

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு ஆட்டோ போனது. 'அன்பார்ந்த பொதுமக்களே! கவலை வேண்டாம்!' என்று இசைவாணி மூன்றாம் மாடி ஜன்னல் வழியாக உள்ளே வந்தாள். அப்பாதுரை எழுந்து எட்டிப் பார்த்தார். கீழே வேப்பமரத்தடியிலும் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "ரோட்டுல ஒன்னு, மரத்தடியில ஒன்னு. நாங்க என்ன முட்டாளா?"

மாரியப்பன் கைகூப்பினான். எதற்கென்று தெரியவில்லை, கை தானாகக் கூடியது.

அப்பாதுரை இளகினார். பேசத் தொடங்கினார். "பாருங்க. இந்த ஆபீஸ் ஆரம்பிச்சுப் பதினொரு வருஷம். ஒரு மனுவைக்கூட நாங்க நிராகரிச்சதில்ல. எங்க மேல ஒரு புகார் கெடையாது, ஏன்னா மனு நிலுவையில இருக்கறவங்க யாரும் புகார் குடுக்க மாட்டாங்க. சலுகை குடுக்கறது பெரிய விஷயமா? நாளைக்கே எல்லாருக்கும் குடுத்துடலாம். குடுத்துட்டா நாங்க நாப்பது பேர் எங்க போறது? ஜீப்பு எங்க போறது? எங்க டிபார்ட்மென்ட்டே இயலாமையை நம்பித்தான் நடக்குது. அதை உங்க மாதிரி ஆளுங்க ஒரு மூட்டை சிமென்ட்டை வெச்சு அழிக்கப் பாக்கறீங்க. எனக்குக் கோவமில்ல, வருத்தம்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் சர்வீஸ்ல முதல் தடவையா ஆய்வுத் தேதியை முன்கூட்டிச் சொல்றேன். வர்ற வெள்ளிக்கிழமை. கோட்டுக்குள்ள ஆள் இருக்கணும். அசையக் கூடாது. இல்லேன்னா வீடு சீல்."

திரும்பும் ரயில் பேரணி ஸ்டேஷனைத் தாண்டியது. இசைவாணி, "வெள்ளிக்கெழம பெருமுக்கல் கோயில்ல எனக்கு மைக்கு," என்றாள். "அடிவாரத்துல. ரெகார்டிங் இல்ல, நேருல. ஒத்துக்கினு இருக்கேன்."

"வாணி, வீட்டுக்கு சீல் வெச்சுடுவாங்க!"

"வெக்கட்டும். சீல் வெச்ச வீட்டுக்கு வெளிய இருப்பேன். இப்ப உள்ள கெடக்குறேன்."

"சாவி என்கிட்ட இருக்குது," என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான வார்த்தை என்று தெரிந்தது.

"ஸ்கூட்டி வாங்கினா ரெண்டு சாவி குடுப்பாங்கய்யா. இன்னொன்னு பொட்டுப் பெட்டியில இருக்குது. எப்பவும் அங்கதான் இருந்துச்சு."

"பின்ன ஏன் போகாம இருந்த?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தான். கோட்டுக்கோசரம் நான் உக்காரல. உனுக்கோசரம் உக்காந்தேன். அந்த சின்னக்கண்ணு காலப் பாத்தப்பறம் இனிமே முடியாது. பலகையை நீயே பரண்லேர்ந்து எறக்கிக் குடு. எனக்கு எட்டாது."

வெள்ளிக்கிழமை காலையில் அவன் இறக்கிக் கொடுத்தான். முத்திரை இல்லாத ஒன்றுக்கு, அவள் முகத்துக்கு, அவன் பயந்தது அதுதான் முதல்முறை. அவள் சரிவில் கடகடவென்று இறங்கி, ஸ்கூட்டியில் தாவி ஏறி, பலகையைக் காலடியில் வைத்துக்கொண்டு, "நீயும் வா," என்றாள். அவன் மாட்டேன் என்று தலையசைத்தான். ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் மாரியப்பனும் மஞ்சள் கோடும் மட்டும் இருந்தார்கள்.

முதலில் கதவைப் பூட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று நினைத்தான். பூட்டிய வீடு என்றால் சீல் வைக்க இன்னும் வசதி. பிறகு அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வாழ்க்கையில் அவனுக்கு வந்த ஒரே துணிச்சலான யோசனை. இரண்டு தலையணையைக் கோட்டுக்குள் வைத்து, அவள் புடவையைச் சுற்றி, போர்வையால் மூடினான். வாசலில் நின்று பார்த்தால் மூட்டை மாதிரிதான் தெரிந்தது. முப்பது வருடம் மூட்டை பார்த்த கண்ணுக்கு மூட்டைதான் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, தலையணையின் தோள்பட்டையைச் சரிசெய்யக் கோட்டுக்குள் இறங்கி உட்கார்ந்தான்.

தெருமுனையில் இருமல் கேட்டது.

மோட்டார் சைக்கிள் வந்தது. நின்றது. செருப்புகள் ஜோடியாக வைக்கப்பட்டன. எழுந்திரு என்று மாரியப்பன் காலுக்குச் சொன்னான். கால் கேட்கவில்லை. மறுபடி சொன்னான். இடுப்புக்குக் கீழே, ஆள் காலிசெய்துவிட்டுப் போன வீடு மாதிரி, யாரும் பதில் சொல்லவில்லை.

பிரான்சிஸ் உள்ளே வந்தார். கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குள் பார்த்தார். மெதுவாகக் குந்தி உட்கார்ந்தார். சட்டைப் பட்டனோரம் குத்தியிருந்த ஊசியை எடுத்து மாரியப்பனின் கெண்டைக்காலில் குத்தினார். ஊசி உள்ளே போவதையும் வெளியே வருவதையும் மாரியப்பன் பார்த்தான். வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்பதுதான் அவனைப் பிடித்து உலுக்கியது. அந்த உலுக்கலும் இடுப்போடு நின்றுவிட்டது.

பிரான்சிஸ் செல்போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். "சார், கோட்டுக்குள்ள இருக்குதுங்க."

"அசையுதா?" என்றது அப்பாதுரையின் குரல்.

"இல்லீங்க சார்."

"கை?"

"மடியில சார்."

"வெளிய எங்கயாவது குரல் கேக்குதா?"

பிரான்சிஸ் ஜன்னல் பக்கம் காது கொடுத்தார். "இல்லீங்க சார். இவ்ளோ சுத்தமான கேஸ் நான் பாத்ததே இல்லீங்க."

"பதினொரு வருஷத்துல முதல் ஒப்புதல் பிரான்சிஸ். மெய்ப்பிச்சாச்சுன்னு எழுதுங்க."

"சார்," என்றான் மாரியப்பன். "நான் இல்ல சார் அது. நான் அவ புருஷன். மாரியப்பன்."

"பேரு கேக்கலீங்க," என்றார் பிரான்சிஸ் அன்பாக, படிவத்தைத் திருப்பிக் காட்டி. "எண்ணிக்கை ஒன்னுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ஒன்னு இருக்குது. சரியாப் போச்சு."

மாரியப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கை கோட்டுக்கு வெளியே வந்துவிடாமல் அவரே உள்ளே குனிந்து குலுக்கினார். ஆணையை அவன் மடியில் வைத்தார். ஆறுக்கு நாலு அடிக்கு வரியில் சலுகை. சரிவுக்குக் கூடுதல் வரி. இரண்டையும் கூட்டிக் கழித்தால் பழைய வரியைவிடக் கொஞ்சம் அதிகம். கீழே சின்ன எழுத்தில்: 'இச்சலுகை நிரந்தரமானது. ஆய்வு தொடரும்.'

இசைவாணி பொழுது சாயும் நேரத்தில் வந்தாள். நாள் முழுக்க மைக்கில் பேசித் தொண்டை கட்டியிருந்தது. மடியில் பிரசாதப் பொட்டலம். சரிவில் கடகடவென்று ஏறி உள்ளே வந்தவள், தலையணைக்குப் புடவை கட்டியிருப்பதையும் அதன் பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருப்பதையும் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாய்யா, நான் இல்லாத நேரத்துல இன்னொருத்தியக் கட்டிக்கினியா? எழுந்து வா. பசிக்குது."

அவன் ஆணையை நீட்டினான். அவள் படித்தாள். ஒருமுறை படித்துவிட்டு, மைக்கில் படிக்கப்போகிறவள் போல இன்னொருமுறை படித்தாள். பிறகு அவன் காலைக் கிள்ளினாள். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்திக் கிள்ளினாள். சிரிப்பு நின்றது.

பிறகு பலகையிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, பலகையை அவன் பக்கமாகத் தள்ளினாள். அது உருண்டு வந்து மஞ்சள் கோட்டில் முட்டி நின்றது.

"ஏறு," என்றாள். "கையால தரையைத் தள்ளணும், அவ்ளோதான். மொத நாள் தோள் வலிக்கும். அப்பால பழகிடும். நான் சொல்லித் தர்றேன். ஆஸ்பத்திரிக்குக் காலையில போவலாம். இப்ப கோட்ட வுட்டு வெளிய வா."

மாரியப்பன் பலகையைப் பார்த்தான். அவன்தான் செய்தது, பேரிங்குக்கு எண்ணெய் போட்டது அவன்தான், பரணில் ஏற்றியதும் அவன்தான். கையை நீட்டினான். விரல் நுனி கோட்டைத் தாண்டிப் பலகையின் ஓரத்தைத் தொட்டது.

தெருமுனையில் ஒரு வண்டி இருமியது.

கை உள்ளே போய்விட்டது. இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். வண்டி வாசலுக்கு வந்தது, நிற்காமல் கடந்து போனது. பால்காரர் வண்டி.

"பால்காரருய்யா," என்றாள் இசைவாணி.

"மெதுவாப் பேசு," என்றான் மாரியப்பன். "உன் கொரல் வெளிய கேக்குது."